பெட்டி பழகும் வரை

தெமோதரை
18.10.1959

அன்புள்ள தம்பி பத்மநாதனுக்கு,

நானும் அத்தானும் பிள்ளை யோகமலரும் சுகம். கொழும்பு வெயிலும் கடைச் சாப்பாடும் உன்னை மெலிய வைக்காமல் இருக்க வேண்டும் என்று கதிர்காமத்தானை வேண்டிக்கொள்கிறேன்.

நீ அனுப்பிய ஹை-ஃபை பெட்டி புதன்கிழமை ரயிலில் வந்து இறங்கியது. ஸ்டேசனிலிருந்து மேட்டுக்கு இரண்டு பேர் தலையில் சுமந்து வந்தார்கள். வீட்டு வேலைக்கு வருகிற பெரியாயி வாசலிலேயே கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "என்னங்கம்மா, தம்பி பொணப்பெட்டியா அனுப்பியிருக்காரு?" என்று கேட்டாள். ஸ்பீக்கர் பெட்டியைப் பிரித்துக் காட்டிய பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. எங்கள் வீட்டுக்குத் தேயிலைப் பக்டரியிலிருந்துதானே கரண்ட். பக்டரி ஓடுகிற நேரம் பெட்டி பாடும், அது நின்றால் இதுவும் நிற்கும்.

இனாமாக வந்ததில் குற்றம் பார்க்கக் கூடாதுதான். ஆனால் பாட்டும் வயலினும் சொல்லிக் கொடுக்கிற அக்காவுக்கு அனுப்பினால் குற்றம் வராமல் என்ன செய்யும்? குழல் கம்பளிப் போர்வைக்குள்ளிருந்து வருகிறது. தம்புராவின் ரீங்காரம் இல்லவே இல்லை. தாளக்காரர் வெண்கலத் தாளத்தை வீட்டில் மறந்து வைத்துவிட்டு இரண்டு மரக்கட்டையோடு வந்துவிட்டார் போலிருக்கிறது. புதுப் பெட்டிகள் எல்லாம் இப்படித்தானா?

பள்ளிக்கூடத்துக்குச் சில மாதம் லீவு போட்டிருக்கிறேன். ஒரு சளி விடாமல் இருக்கிறது. பதுளைக்கும் அடிக்கடி ஓர் அலுவலாகப் போய்வர வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் அளவெட்டிக்கு எழுதி அம்மாவைக் கலவரப்படுத்தாதே. தங்கச்சி சத்தியபாமாவுக்குச் சம்பந்தம் பேசுகிற நேரம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புள்ள அக்கா,
இராசமணி


கொழும்பு
27.10.1959

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். மெலியவில்லை. நேற்றுத்தான் காற்சட்டையின் இடுப்பைப் பெரிதாக்கத் தையற்காரனிடம் கொடுத்தேன். உங்கள் சளி விட்டுப் போயிருக்கும் என்று நம்புகிறேன்.

பெட்டியில் ஒரு குறையும் இல்லை, அக்கா. புதுச் செருப்பு முதல் வாரம் கடிக்காதா? அதுபோலத்தான் இதுவும். ஸ்பீக்கருக்குள் இருக்கிற காகிதக் கூம்பு புதிதில் விறைத்துக்கொண்டு நிற்கும். ஓட ஓடத்தான் இளகும். எங்கள் கடையில் ஹை-ஃபை வாங்குகிற பெரிய மனிதர்களும் முதல் மாதம் இதே முறைப்பாட்டோடுதான் வருவார்கள். ஜுனைதீன் முதலாளி அவர்களுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்து, "ரெண்டு மாசம் நல்லா ஓட விடுங்க. பொறகும் சரியில்லாட்டி வாங்க, மாத்தித் தாறேன்" என்று சொல்லி அனுப்புவார். ஒருவரும் திரும்பி வந்ததில்லை.

ஆகவே தினமும் போடுங்கள். நீங்கள் கேட்காத நேரத்திலும் பாடட்டும். பெட்டி பழகிக்கொள்ளும்.

பதுளையில் என்ன அலுவல்? எழுதவில்லையே.

யோகமலருக்கு என் முத்தங்கள். அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி,
பத்மநாதன்


தெமோதரை
22.11.1959

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு மழை. மழையைத் தவிர எல்லோரும் ஓய்ந்துபோய்ச் சுகமாக இருக்கிறோம். கொழும்பில் காய்ச்சல் பரவுகிறது என்று பேப்பரில் பார்த்தேன். கொதித்தாறிய தண்ணீர்தான் குடிக்க வேண்டும்.

உன் பெட்டிக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை. பக்டரி ஓடத் தொடங்கியதும் இசைத்தட்டைப் போட்டுவிடுகிறேன். பெரியாயி கூட்டிக்கொண்டிருந்தவள் தும்புத்தடியை ஊன்றி நின்று கேட்டுவிட்டு, "பெட்டி நல்லாத்தானே பாடுது. நீங்க ஏம்மா மூஞ்சியச் சுளிக்கிறீங்க?" என்கிறாள். அவளுக்குச் சத்தம் வந்தால் போதும்.

எனக்கோ அது பழகுவதாகத் தெரியவில்லை. போன மாதம் மரக்கட்டையாவது கேட்டது. இப்போது தாளமே இல்லை. மிருதங்கம் மட்டும் தனியே ஏதோ கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கூம்பு இளகுகிறது என்றாயே, இது விறைக்கிறதா? கேலிக்குக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்கிறேன்.

சத்தியபாமாவின் காரியம் சரிவரும் போலிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் நல்ல கண்டிப்பான ஆட்களாம். குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் வருத்தம் என்று மூன்று தலைமுறைக்கு விசாரிக்கிறார்களாம். அம்மா எழுதியிருந்தார்.

சனி எண்ணெய் வைத்துக் குளிக்க மறவாதே.

அன்புள்ள அக்கா,
இராசமணி


கொழும்பு
30.11.1959

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். கொதித்தாறிய தண்ணீர்தான் குடிக்கிறேன். எண்ணெய்க் குளியலைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

தாளம் அடியோடு போய்விட்டது என்று எழுதியதைப் படித்து எனக்கு இரண்டு நாள் வேலை ஓடவில்லை. பக்டரிக் கரண்ட் ஏறி இறங்குவதாக இருக்கலாம். தட்டில் ஓடுகிற ஊசி தேய்ந்திருக்கலாம். புது ஊசி அனுப்புகிறேன். அதோடு கடையில் வருகிறவர்களுக்குப் போட்டுக் காட்டுவதற்காக வருடக்கணக்காக ஓடிய ஸ்பீக்கர் ஒன்றையும் முதலாளியிடம் கெஞ்சி வாங்கி அனுப்புகிறேன். பழகியதென்றால் அதைவிடப் பழகியது இலங்கையில் இல்லை. அத்தானை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பின்னால் இரண்டு கம்பிதான், பயமில்லை.

பதுளை அலுவலைப் பற்றி இந்த முறையும் எழுதவில்லை. லீவும் முடியவில்லை. எனக்கு மனம் சரியில்லை. உண்மையை எழுதுங்கள்.

தம்பி,
பத்மநாதன்


தெமோதரை
20.12.1959

அன்புள்ள பத்மநாதனுக்கு,

நீர் நலமாயிருக்க இறைவன் அருள்க. இக்கடிதத்தை உமது அறைக்கு அனுப்பாமல் கடை விலாசத்துக்கு அனுப்புகிறேன். வாசித்தபின் கிழித்துவிடும். நான் இதுவரை உமக்கு நீண்ட கடிதம் எழுதியதில்லை. பக்டரியின் தேயிலைக் கணக்கு எழுதிப் பழகியவனுக்கு இது வரவில்லை. வருகிறபடி எழுதுகிறேன்.

உமது அக்காவுக்குச் சயரோகம். ஆடியில் இருமலில் இரத்தம் கண்டது. ஆவணி தொடக்கம் பதுளைக்குப் போய் ஊசி போட்டு வருகிறோம். யோகமலரை இரவில் அவளோடு படுக்க விடுவதில்லை. பிள்ளை என் அறையில் அழுது, பிறகு உறங்கும். சத்தியபாமாவின் கலியாணம் வைகாசியில் முடியும்வரை அளவெட்டிக்குத் தெரியக் கூடாது என்று இராசமணி என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். சயரோகம் என்ற சொல் அந்த மாப்பிள்ளை வீட்டு வாசலில் விழுந்தால் கலியாணம் நின்றுவிடும். அது உமக்கும் தெரியும்.

இன்னும் ஒன்று. நீர் அனுப்பிய பழைய ஸ்பீக்கரை மாட்டினேன். இராசமணி கேட்டுவிட்டு, "இதுவும் அப்பிடித்தான் இருக்கு" என்றாள். பத்மநாதன், எனக்குத் தாளம் கேட்கிறது. கணீரென்று கேட்கிறது. யோகமலர் அதற்குச் சரியாகக் கை தட்டுகிறாள். முந்தின ஸ்பீக்கரிலும் கேட்டதுதான். எனக்குச் சங்கீத ஞானம் இல்லை, ஆகவே வாயைத் திறக்கவில்லை. போன கிழமை பிள்ளை பின்னால் நின்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பெரியாயி ஓடிவந்து, "அம்மா, பாப்பா கூப்புடுது, கேக்கலீங்களா?" என்று தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அந்த ஊசி சிலருக்குக் காதைக் கெடுக்குமாம். டாக்டர் முதல் நாளே சொன்னவர். ஒவ்வொரு தரமும் "காதிலை இரைச்சல் இருக்கோ? சத்தம் குறையுதோ?" என்று கேட்பார். இராசமணி இல்லை என்று தலையாட்டுவாள். பெட்டியில்தான் பிழை என்று நினைக்கிறாள். நான் பக்கத்தில் நின்றும் சொல்லவில்லை. சொன்னால் ஊசியை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தினால் நெஞ்சு ஆறாது. அவள் போய்விடுவாள் என்று பயமாக இருக்கிறது.

நீர் எனக்கு ஒரு உதவி செய்ய வேண்டும். பெட்டி புதிது, ஓட ஓடச் சரிவரும் என்று தொடர்ந்து எழுதும். நீர் எழுதினால் அவள் நம்புவாள்.

இப்படிக்கு,
உமது அத்தான் இளையதம்பி


கொழும்பு
26.12.1959

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

சுகம் விசாரிக்க இப்போது எனக்கு வாய் வரவில்லை. மன்னிக்க வேண்டும்.

நீங்கள் கேட்பது என்னவென்று உங்களுக்கே தெரியுமா? அக்காவுக்குக் காதுதான் சீவியம். அந்தக் காதைப் பற்றி அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நாம் இருவரும் முடிவு செய்கிறோம். இதைச் செய்ய எனக்கு என்ன உரிமை? உங்களுக்குத்தான் என்ன உரிமை?

இன்னொன்றையும் நீங்கள் அறிய வேண்டும். ஸ்பீக்கர் பழகும் என்பதில் காற்பங்குதான் உண்மை. கூம்பின் விளிம்பு கொஞ்சம் இளகும். அதனால் கீழ்ச் சத்தம் சற்றுத் திறக்கும், அவ்வளவுதான். தாளத்தின் ஓசை முதல் நாளே வர வேண்டும். முதல் நாள் வராதது ஒருநாளும் வராது. கடைக்கு முறைப்பாட்டோடு வந்தவர்கள் ஏன் திரும்பி வருவதில்லை என்றால், இரண்டு மாதத்தில் அவர்களுடைய காது அந்தச் சத்தத்துக்குப் பழகிவிடுகிறது. முதலாளிக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஊராருக்குச் சொல்லிச் சொல்லி வாய்க்குப் பழகியதை நினைத்துப் பாராமல் அக்காவுக்கும் எழுதிவிட்டேன். என் சொல்லைப் பிடித்துக்கொண்டு அக்கா டாக்டரிடம் தலையாட்டிக்கொண்டிருக்கிறார்.

இரண்டு இரவாகப் படுக்கவில்லை. டாக்டருக்கே எழுதலாமா என்றுகூட நினைத்தேன். பிறகு யோகமலரை நினைத்தேன்.

எழுதுகிறேன், அத்தான். அக்கா உயிரோடு இருக்க வேண்டும். வேறு ஒன்றும் எனக்கு இப்போது தோன்றவில்லை.

இப்படிக்கு,
பத்மநாதன்


கொழும்பு
26.12.1959

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் அவ்வாறே இருக்க வேண்டும்.

பழைய ஸ்பீக்கரிலும் அதே குறை என்று அறிந்தேன். ஆச்சரியமில்லை. ஸ்பீக்கர் பழையதானாலும் பெட்டியின் பலகை புதிது. உள்ளே இருக்கிற வால்வுகளும் புதிது. மலைநாட்டுக் குளிரில் இவை பழக அதிக காலம் எடுக்கும் என்று முதலாளியும் சொல்கிறார். இடையில் சத்தம் குறைவது போலவும் இருக்கும். அதைக் கண்டு மனம் தளர வேண்டாம். வேறு யாரிடமும் காட்டவும் வேண்டாம். பொறுமையாக ஓட விடுங்கள். எல்லாம் சரிவரும்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். முட்டையும் பாலும் எடுங்கள்.

தம்பி,
பத்மநாதன்


தெமோதரை
14.2.1960

அன்புள்ள தம்பிக்கு,

பொங்கலுக்கு நீ அனுப்பிய சீலை வந்தது. யோகமலருக்கு அனுப்பிய சட்டை அவளுக்குப் பெரிது. வளர்ந்து போடுவாள். நீ முன்போல எழுதுவதில்லையே. பகிடி இல்லாத உன் கடிதத்தை வாசிக்க அரசாங்கக் கடிதம் போலிருக்கிறது. உடம்புக்கு ஏதுமா?

பெட்டியைப் பற்றி அறிய ஆவலாக இருப்பாய். நீ சொன்னபடி பொறுமையாக ஓட விடுகிறேன். தையில் குழலின் மேல்ஸ்தாயி போய்விட்டது. வாசிக்கிறவர் மேலே ஏறப் போகிறார் என்று தெரிகிறது, ஏறுகிறார், அங்கே வெறும் வெளி. பிறகு கீழே இறங்கும்போதுதான் வந்து சேர்கிறார். வயலின் தட்டில் வில் திரும்புகிற இடத்தில் ஒரு சின்னக் கீறல் இருக்குமே, அது போனது போன கிழமை. வாய்ப்பாட்டில் சொற்களின் ஓரம் தேய்ந்துவிட்டது. "ச"வும் "ஸ"வும் இல்லாமல் ஒருத்தி பாடுகிறாள். நேற்று, தெரிந்த கீர்த்தனையையே என்ன சொல்லென்று தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இவ்வளவையும் குறை சொல்வதற்காக எழுதவில்லை. உன் பெட்டியைப் பற்றி உனக்கு எழுதாமல் யாருக்கு எழுதுவது? அத்தான் மாலையில் வந்து தானே தட்டைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். "இண்டைக்குக் கொஞ்சம் தெளிவா இருக்கு, என்ன?" என்று கேட்கிறார். ஓம் என்கிறேன்.

சளி நன்றாகக் குறைந்துவிட்டது. நீ கவலைப்படாதே. மறுமொழி எழுது.

அன்புள்ள அக்கா,
இராசமணி


கொழும்பு
12.6.1960

அன்புள்ள அக்காவுக்கு,

மாசியில் நீங்கள் எழுதிய கடிதத்துக்கு இப்போது மறுமொழி எழுதுகிறேன். பலமுறை தொடங்கினேன். "ஓட விடுங்கள்" என்று எழுதுகிற இடம் வந்ததும் கை நின்றுவிடும். கிழித்துவிடுவேன்.

சத்தியபாமாவின் கலியாணம் குறையில்லாமல் நடந்தது. நீங்கள் வராததற்குப் பள்ளிக்கூடச் சோதனை என்று அத்தான் எல்லோருக்கும் சொன்னார். அம்மா மட்டும் கொஞ்சம் முறுமுறுத்தார். நாதஸ்வர மேளச்சமா நடந்தபோது அத்தான் பந்தலை விட்டு எழுந்து வேலியோரம் போய் நின்றார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். எக்ஸ்ரே படத்தில் நெஞ்சு தெளிந்துவிட்டது, ஊசியும் முடிந்துவிட்டது என்று அங்கே வைத்துத்தான் சொன்னார். 

இனியும் மறைக்க என்னால் ஏலாது. அக்கா, பெட்டியில் ஒன்றும் இல்லை. முதல் நாளிலிருந்தே ஒன்றும் இல்லை. பழகும் என்றது கடையில் வாடிக்கைக்காரருக்குச் சொல்லுகிற கதை. உங்கள் வருத்தம் எனக்கு மார்கழியிலேயே தெரியும். ஊசி உங்கள் காதைத் தின்றுகொண்டிருக்கிறது என்றும் தெரியும். தெரிந்துகொண்டுதான் அந்தக் கடிதத்தை எழுதினேன். ஊசி நின்றால் உங்களை இழந்துவிடுவோம் என்று பயந்தோம். அத்தானைக் குற்றம் சொல்லாதீர்கள். அவர் கேட்டார், செய்தது நான்.

திட்டி எழுதுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் தம்பி,
பத்மநாதன்


தெமோதரை
23.6.1960

என் அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். இந்தச் சொல்லை இந்த வருடத்தில் முதல்முறையாகப் பொய்யில்லாமல் எழுதுகிறேன். யோகமலர் இரவில் என் பக்கத்தில் படுக்கிறாள். காலை என் வயிற்றில் போட்டுக்கொண்டுதான் உறங்குகிறாள்.

உன்னைத் திட்ட எனக்குக் காரணம் இல்லை. ஆனால் உங்கள் இரண்டு பேருடைய புத்தியையும் நினைத்தால் சிரிப்பு வருகிறது. இந்த வீட்டில் உன் பெட்டி ஒன்றுதானா பாடுகிறது? கார்த்திகை விளக்கீட்டன்று வயலினை உறையிலிருந்து எடுத்தேன். கனநாள் தொடாமல் இருந்தது. சுருதி சேர்த்து வில்லை வைத்தேன். மேல் தந்தியின் உச்சியில் ஒன்றுமில்லை. விரல் சரியான இடத்தில்தான் இருந்தது, வில் சரியாகத்தான் ஓடியது. அந்த வயலின் நான் படிக்கிற காலத்திலிருந்து என்னோடு இருக்கிறது. அதையும் ரெண்டு மாதம் ஓட விட வேண்டுமா, தம்பி? வயலினை மடியில் வைத்துக்கொண்டு விளக்குகள் அணையும் வரை இருந்தேன். அதற்கு முன்பு உன் பெட்டியை நம்பினேன். அன்றைக்குப் பிறகு நம்பவில்லை.

அடுத்த முறை பதுளைக்குப் போனபோது டாக்டரிடம் நானே சொன்னேன். அத்தானை வெளியே அனுப்பிவிட்டுச் சொன்னேன். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. "நிற்பாட்டினால் காது இவ்வளவோடை நிக்கக்கூடும். ஆனால் நெஞ்சிலை குழி இன்னும் மூடேல்லை. விழுங்கிற குளிசையை மட்டும் நம்பி விட எனக்குத் துணிவில்லை. நீங்கள் யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றார். யன்னலால் பார்த்தேன். வெளியே மர வாங்கில் அத்தான் உட்கார்ந்திருந்தார். யோகமலர் அவருடைய குடையைத் திறக்கப் பார்த்து, முடியாமல் அவரிடம் நீட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளையை வேறொருத்தி வளர்க்க விட எனக்கு மனம் வரவில்லை. "போடுங்கோ, டொக்டர்" என்றேன். அத்தானுக்கு முன்னால் கேட்டால் இல்லையென்றுதான் தலையாட்டுவேன், அவர் தாங்கமாட்டார் என்றும் சொல்லிவைத்தேன். டாக்டர் சரியென்றார்.

ஆகவே உன் கடிதத்தால் என் காது போகவில்லை. அந்தப் பாரத்தை இன்றோடு இறக்கி வை. என் காதை நானே கொடுத்தேன். யாரும் ஏமாற்றி வாங்கவில்லை.

பிறகு ஏன் மாசியில் பெட்டியைப் பற்றி அத்தனையும் எழுதினேன் என்று கேட்பாய். ஒவ்வொரு கிழமையும் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. இன்றைக்கு இது போனது, நாளைக்கு அது போகும் என்று ஒருவரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. அத்தானிடம் சொல்ல முடியாது. அம்மாவிடம் சொல்ல முடியாது. உன்னிடம் உன் பெட்டியைக் குறை சொல்லலாம். பெட்டி என்று எழுதி என்னைத்தான் எழுதினேன். வாசிக்க ஒருவர் இருக்கிறார் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. நீ மறுமொழி எழுதாத மாதங்கள்தான் எனக்குக் கடினமாக இருந்தன.

இப்போது லொறிச் சத்தமும் இடியும் கொஞ்சம் கேட்கிறது. பிள்ளையின் குரல் இல்லை. நான் ஊசிக்குச் சம்மதித்தபோது இதை நினைக்கவில்லை. பாட்டைத்தான் நினைத்தேன். பாட்டை விடலாம் என்று நினைத்துக்கொண்டேன். அவள் "அம்மா" என்று கூப்பிடுகிற சத்தமும் அதோடு சேர்ந்து போகும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இதற்காக மட்டும் அழுதேன். ஆனால் கூப்பிடுகிற பிள்ளைக்கு முன்னால் நான் இருக்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் இனிப் பாட்டு வகுப்பு இல்லை. தையல் வகுப்பைத் தருகிறேன் என்கிறார்கள். எனக்கு ஊசியைப் பிடிக்காது என்று அவர்களுக்குத் தெரியாது. பழகிக்கொள்வேன்.

அத்தான் இன்றுவரை எனக்கு ஒன்றும் தெரியாது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார். ஊசி முடிந்தும் சொல்லத் துணிவில்லை அவருக்கு. இன்னும் மாலையில் தட்டைப் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்க்கிறார். இன்றைக்கு அவர் பக்டரியிலிருந்து வந்ததும் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். அவர் அழுவார். எனக்குக் கேட்காது. அதனால் விளக்கை முன்னதாகவே ஏற்றிவைத்திருக்கிறேன்.

நன்றாகச் சாப்பிட்டு, நன்றாக உறங்கு. விரைவில் ஒருமுறை வந்து போ.

என்றும் உன் அக்கா,
இராசமணி